செல்லாதவை

காலை ஐந்தரைக்கே கல்லூரி வாசலில்
கைப்பேசியை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்தார்கள்.
எண் எழுபத்தொன்று.
அதற்குப் பிறகு, மதுரையில்
யார் ஜெயிக்கிறார்கள் என்று தெரியாத
சில நூறு பேரில் நானும் ஒருத்தி.
ஓட்டை எண்ணுகிறவர்கள்தான்
அந்தச் சில நூறு பேர்.

எனக்குத் தபால் ஓட்டு மேசை.
கம்பிவலைக்கு அப்பால் முகவர்கள்:
மண்வெட்டிக்குப் பவுன்ராஜ்,
கிணற்றுக்குச் சிக்கந்தர்,
இஸ்திரிப்பெட்டி சுயேச்சைக்கு ஒரு காலேஜ் பையன்.
அவன் நகத்தில் மை பாதி வளர்ந்து மேலேறியிருந்தது.
ஒரே தண்ணீர் பாட்டிலை
மூவரும் அண்ணாந்து குடித்தார்கள்.

உறுதிமொழியில் கையெழுத்து இல்லையென்றால்
உள்ளுறையைத் திறக்கவே கூடாது.
மூடிய வாயோடு
அட்டைப்பெட்டிக்குள் போகும்.

திறந்ததிலும் செல்லாதவை உண்டு.
ஒருவர் பதினாறு சின்னத்துக்கும் டிக் அடித்திருந்தார்.
வாத்தியாராக இருக்க வேண்டும்.
ஒருவர் பதினாறுக்கும் பெருக்கல் குறி.
அவரும் வாத்தியார்தான்.

எண்பத்தைந்தைத் தாண்டிய ஏதோ ஒரு கை,
நடுங்கிய பேனா,
மண்வெட்டியில் தொடங்கிக்
கிணற்றில் விழுந்திருந்தது.
"தொடங்குன எடம்தான் சார் கணக்கு" என்றார் பவுன்ராஜ்.
"விழுந்த எடம்தான்" என்றார் சிக்கந்தர்.
அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
இரண்டும் இல்லை என்று முத்திரை குத்தினார்.

பிறகு அது வந்தது.
ஒரே கட்டம், ஒரே டிக், ஓரம் மீறாமல்.
அதன் கீழே நீல மையில்:
'ஐயா, எங்கள் சந்தில் பாதாளச் சாக்கடைக்கு
மூடி இல்லை, இரண்டு வருஷமாக.
ராத்திரி பார்த்து வரவும்.
இப்படிக்கு மு. சுருளியம்மாள்.'

விதி தெளிவானது.
வாக்காளர் இன்னார் என்று காட்டும்
எழுத்தோ குறியோ இருந்தால்
அந்த ஓட்டு செல்லாது.

(ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
சுருளியம்மாள் நான் வைத்த பெயர்.
சந்து என்பதும் சந்து இல்லை.
மூடி இல்லாதது மட்டும் அப்படியே.)

பக்கத்து ஹாலில் மெஷின்கள்.
ஒன்பதாம் சுற்றில் கிணறு முந்தியதாம்,
பதினான்கில் மண்வெட்டி.
கோரிப்பாளையம் பக்கம் ஆயிரம்வாலா வெடித்தது.
வெடிச்சத்தத்தில்
கட்சி தெரிவதில்லை.
அக்னி வெயில் தகரக் கூரையில் உட்கார்ந்திருந்தது.

மாலை ஆறு மணிக்கு வித்தியாசம் நூற்றுப் பத்தொன்பது.
செல்லாத தபால் ஓட்டு இருநூற்று அறுபத்து நான்கு.
வித்தியாசத்தைவிடச் செல்லாதது கூடினால்
எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும்.
அட்டைப்பெட்டி மேசைக்குத் திரும்பியது.
காலையில் யாருக்கும் வேண்டாதவர்கள்மேல்
இப்போது பத்துத் தலைகள் கவிந்தன.

சுருளியம்மாள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தாள்.
சிக்கந்தர் வாய்விட்டுப் படித்தார்.
"இந்தச் சந்து எங்க இருக்கு?"
பவுன்ராஜ் உதட்டைப் பிதுக்கினார்.
இஸ்திரிப்பெட்டிப் பையன்
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான்.
ஆறாத தழும்பு.
"நோட்டீஸ் குடுக்கப் போனப்ப விழுந்தேன்."
அவன் வேட்பாளருக்கு மொத்தம் நானூற்றுச் சொச்சம்.
டெபாசிட் போனது.
மறுபடியும் செல்லாது என்றார் அதிகாரி,
இந்தத் தடவை கொஞ்சம் மெதுவாக.

டோக்கனைக் கொடுத்துக் கைப்பேசியை வாங்கியதும்தான்
தமிழ்நாடு எனக்குத் தெரிந்தது.
மண்வெட்டி நூற்று நாற்பத்தொன்று, கிணறு எண்பத்தாறு,
மற்றவர்கள் ஏழு.
எங்கள் தொகுதி மட்டும் கிணற்றுக்கு.
இனி ஐந்து வருஷம்
கேட்கப் போனால் 'நம்ம ஆட்சி இல்லையேம்மா' என்பார் இவர்.
'நம்ம ஆள் இல்லையே' என்பார்கள் அவர்கள்.

ஷேர் ஆட்டோ செல்லூர்ப் பாலத்தோடு இறக்கிவிட்டது.
அழகர் மலைக்குப் போன பிறகும் பிரிக்காத பந்தலில்
எதற்கும் இருக்கட்டும் என்று
இரண்டு கட்சிக் கொடியும் கட்டியிருந்தார்கள்.
வெற்றி ஜீப் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
அதன் மேலிருந்து யாரோ என்னைக் கும்பிட்டார்கள்.
நான் நிமிரவில்லை.
பார்த்து வரவும் என்று எழுதியிருந்தாள்.
தரையைப் பார்த்துத்தான் நடந்தேன்.